உடற்பயிற்சிக் கூடமும் ஊர் நலமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

உடற்பயிற்சிக் கூடங்களையும் பொதுமக்கள் நலத்தையும் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் மல்லரும் அல்லேம், மருத்துவரும் அல்லேம், தமிழ் கற்பிக்கும் தொழிலையுடையேம். ஆயினும் இருபது ஆண்டுகட்கு மேலாக வகுப்பறையில் நின்று, சிறுவர் சிறுமியர் உடல்நிலை மாறிவருவதையும், அவர்தம் பெற்றோர் நாற்பது வயதிலேயே மாத்திரைப் பையுடன் நடமாடுவதையும் கண்டு வருகின்றோம். அக்காட்சியே இன்று எம்மைப் பேசத் தூண்டுவது.

மேலும் இன்று மாலை கூடவிருக்கும் பொதுக்குழுவின் முன் ஒரு தீர்மானம் வரவிருக்கின்றது. நம் சங்கக் கட்டடத்தின் பின்கட்டை என் செய்வது என்பதே அது. கடைக்கு வாடகைக்கு விடுக என்பர் ஒருசாரார். உடற்பயிற்சிக் கூடம் அமைக்க என்பர் மற்றொரு சாரார். அமைப்பின் அது நம்மவர்க்கு மட்டுமா, தெருவார் அனைவர்க்குமா என்பது அதன்மேல் எழும் வினா. இவ்விரண்டினையும் மனத்துட்கொண்டு யாம் கூறுவனவற்றைச் செவிமடுக்குமாறு வேண்டுகின்றோம்.

சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும் என்னும் பழமொழியை அறியாதார் இலர். அறிந்தும் சுவரைப் பேணுவார் சிலரே. திருவள்ளுவனார் மருந்து என ஓர் அதிகாரம் வகுத்தார். அதன்கண் முன் உண்டது அற்றபின் உண்ணுதலையும், அளவறிந்து உண்ணுதலையும் பலபட வற்புறுத்தினார். உடலை இயக்கிப் பயிற்றுவதை அங்குத் தனியே விதந்து கூறினாரல்லர். காரணம் யாது? அக்காலத்து உழைப்பு என்பது ஒருவர்க்கு எடுத்து விதிக்கவேண்டிய ஒன்றன்று. வாழ்வே உழைப்பாக இருந்தது என்பது எம் கருத்து.

நம் பாட்டன்மார் ஏற்றமிறைத்தனர், மூட்டை சுமந்தனர், சந்தைக்குக் கால்நடையாகச் சென்று மீண்டனர். நம் பாட்டிமார் உலக்கை குற்றினர். அம்மியும் ஆட்டுக்கல்லும் அவர்தம் தோளுக்குப் பயிற்சி தந்தன. அதன்மேலும் மாலை வேளையில் இளைஞர்கள் சிலம்பக் கூடத்தில் கம்பு சுழற்றினர், கரலாக்கட்டை பிடித்தனர், தண்டாலும் பஸ்கியும் எடுத்தனர். அவ்வாழ்வு இன்பமயமாக இருந்தது என்று யாம் கூறவில்லை. பஞ்சமும் கொள்ளைநோயும் அவர்களை வாட்டின. உலக்கையினின்றும் பெண்டிர் விடுதலை பெற்றது பெருநன்மையே. ஆயின் உழைப்பு எழுந்து சென்ற இடத்தில் வேறொன்று வந்து அமரவில்லை. அவ்விடம் வெறிதாகக் கிடக்கின்றது. அவ்வெற்றிடத்தில் நோய் குடிபுகுந்தது.

எவ்வளவு நோய் எனின், கணக்கினைக் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நிகழ்த்தப்பெற்ற ஆய்வொன்றின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தன. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர்க்கு நீரிழிவு உண்டென்றும், 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாயிலில் நிற்கின்றனர் என்றும், வயது வந்தோருள் நூற்றுக்கு 35 பேர்க்கு மேல் இரத்தக் கொதிப்பு உடையரென்றும் அவ்வாய்வு கூறிற்று. மறு ஆண்டு, 2024இல், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள் மற்றொரு கணக்கு வெளியிட்டனர். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர். ஆடவருள் நூற்றுக்கு 42 பேர், பெண்டிருள் 57 பேர். தாய்மார்களே, இக்கடைசி எண்ணை மறவாதீர்கள். அதனிடம் பின்னர் மீண்டும் வருவோம்.

உடல் இயங்காமைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு எவ்வாறு தெளிவாயிற்று என்பது சுவையான வரலாறு. இலண்டன் மாநகரில் ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் இருந்தார். அந்நகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே புகையில், ஒரே நகரில் பணியாற்றுபவர். ஒருவர் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர். மற்றவர் சீட்டுக் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குபவர். ஓட்டுநர்க்கே இதயநோய் மிகுதி என்றும், நடத்துநர்க்கு அது குறைவென்றும், வரினும் பெரும்பாலும் பிற்பட்ட வயதிலேயே வருகின்றதென்றும் 1953இல் அவரும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்டனர். ஓட்டுநர் பணியில் சேரும்போதே பருத்திருந்தனரோ என்னும் ஐயம் எழுந்தது. அவ்வையத்தையும் அவர் விடவில்லை. அவர்தம் சீருடையின் இடுப்பளவுகளைத் தேடியெடுத்து ஆராய்ந்தார். ஓட்டுநர் சற்றுப் பருத்தவரே என்பது புலனாயிற்று. எனினும் அதுவே முழுக் காரணமன்று எனக் கண்டார். வீடுதோறும் நடந்து அஞ்சல் கொடுப்பவரையும் மேசை முன் அமர்ந்து எழுதுபவரையும் ஒப்பிட்ட போதும் அதே வேறுபாடு தோன்றிற்று. இயங்குதல் உயிரைக் காக்கும் என்னும் முதுமொழி அன்று முதல் ஆராய்ச்சியின் துணையைப் பெற்றது.

இயக்கம் எத்துணை வேண்டும்? வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமாகவோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையாகவோ உடலை இயக்கவேண்டும் என்றும், சிறுவர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடங்கள் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. பலர் இங்கேயே நின்றுவிடுவர். 'காலையில் நடக்கின்றோம், போதாதா?' என்பர். நடத்தல் நன்றே. ஆயின் அந்நிறுவனம் அதனோடு வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்றது. அறுபத்தைந்து கடந்தோர்க்கு, விழாமல் நிற்கப் பழக்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாள் வேண்டும் என்றது. இதனை நம்முள் அறிந்தார் மிகச் சிலர்.

தசைக்கு இத்துணைச் சிறப்பு ஏன்? நாம் உண்ட உணவின் சருக்கரை இரத்தத்திற் கலந்தபின் அதனைப் பெரிதும் வாங்கிக்கொள்ளும் கிடங்கு தசையே. தசை வேலை செய்யும்பொழுது இன்சுலின் என்னும் சுரப்பின் உதவி குறைந்திருப்பினும் சருக்கரையை உள்வாங்கும் ஆற்றல் அதற்கு உண்டு. கிடங்கு சிறிதாயின் சரக்கு தெருவில் கிடக்கும். அதுவே நீரிழிவின் நிலை. வயது ஏற ஏறத் தசை தானே தேயும். பளுவைத் தூக்கிப் பயிற்றினாலன்றி அது நிலைபெறாது. முதியோர் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து படுக்கையாதலை எத்தனை இல்லங்களிற் கண்டிருக்கின்றோம்! காலிலே வலுவிருப்பின் அவ்வீழ்ச்சிகளுள் பல நேராமற் போகும்.

இவ்வலுப்பயிற்சிக்குக் கருவி வேண்டும், கற்பிப்பார் வேண்டும், உடன் பயில்வார் வேண்டும். தனியே வீட்டில் தொடங்குவார் பதின்மருள் நெடுநாள் தொடர்வார் அரியர். ஆதலின் பொதுவான ஓரிடம் வேண்டும். பண்டு சிலம்பக் கூடம் என்றும், பின்னர்த் தேகப்பயிற்சிச் சாலை என்றும், இக்காலத்தார் ஜிம் என்றும் வழங்குவது அவ்விடமே.

இனி, அவ்விடத்திற்காக வாதாடியவர் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஜெர்மனி நாட்டில் ஃபிரீட்ரிக் லூட்விக் யான் என்னும் ஆசிரியர் 1811இல் பெர்லின் நகரை அடுத்த ஹாசன்ஹைடே என்னும் வெளியில், கம்பிகளும் ஏணிகளும் நிறுத்தி, இளைஞர்க்குத் திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்தார். அதனைப் பின்பற்றி ஊர்தோறும் பயிற்சிச் சங்கங்கள் எழுந்தன. அரசியற் கிளர்ச்சிக்கு அவை இடமாகும் என அஞ்சிப் பிரஷிய அரசு அவற்றைத் தடைசெய்தது. 1842இல்தான் அத்தடை நீங்கிற்று. 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அமெரிக்கா சென்று குடியேறிய ஜெர்மானியர் ஆங்கும் நகரந்தோறும் சங்கம் அமைத்து, தம் பொருளில் மண்டபம் கட்டினர். அத்துடன் நில்லாது, நகராட்சிப் பள்ளிகளில் உடற்பயிற்சியைப் பாடமாக்குக என்று பள்ளிக் குழுவினரிடம் ஓயாது முறையிட்டனர். பல நகரங்களில் வெற்றியும் கண்டனர். தம் உடலைப் பயிற்றியவர் ஊரார் உடலுக்காகவும் வாதாடியது இங்ஙனம் தொடங்கிற்று. நம் சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் என்பார் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவி, பள்ளிகட்குப் பயிற்சி ஆசிரியரை அளிக்கத் தொடங்கியதும் இவ்வரிசையில் எண்ணத்தக்கதே.

ஆயின் அவ்வரலாற்றில் ஒரு கருநிழலும் உண்டு; சங்கமாகக் கூடியிருக்கும் நாம் அதனை மறைத்தல் தகாது. அச்சங்கங்களுட் சில, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில், சிறப்பாக ஆஸ்திரியா நாட்டில், யூதராய்ப் பிறந்தாரை உறுப்பினராகக் கொள்ளோம் எனக் கதவடைத்தன. கூடி உடலை வளர்க்க எழுந்த இடம் பிறப்பைக் கேட்டு மனிதரைத் துரத்தும் இடமாயிற்று. யூத இளைஞர்கள் 1898இல் பெர்லினில் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். அவ்வெறுப்பு அடுத்த நூற்றாண்டில் எந்த அழிவில் முடிந்தது என்பதை உலகம் அறியும். உடல்வலிமையைப் போற்றுவார் எல்லாரும் உளவிரிவு உடையார் ஆகார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் காலத்திற்கு வருவோம். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகைச் சூழ்ந்தபொழுது உடற்பயிற்சிக் கூடங்கள் யாண்டும் மூடப்பட்டன. நம் நாட்டில் மார்ச்சுத் திங்கள் இறுதியில் மூடியவை, ஆகஸ்டு 5 முதல் திறக்கலாம் என நடுவணரசு இசைந்தது. தமிழ்நாட்டில் ஆகஸ்டு 10 முதல் திறந்தன. மதுக்கடைகள் மே மாதத்திலேயே திறந்தன என்பதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கூடங்களை நடத்துவோர், 'மதுவிற்கு முன் திறந்த கதவு மருந்தன்ன பயிற்சிக்குப் பின் திறப்பதா?' என்று கேட்டது இயல்பே.

அவர் கேட்ட வினா நியாயமெனினும், அரசின் அச்சமும் வெற்றச்சம் அன்று. தென்கொரியாவில் சியோனான் என்னும் நகரில் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடனப் பயிற்சி வகுப்புகளிலிருந்து நோய் பரவிற்று. 12 கூடங்களைச் சார்ந்து 112 பேர் நோயுற்றனர். நெருக்கமான அறையில் பலர் கூடி மூச்சிரைக்க ஆடியதே காரணம். அவ்வகுப்புகளை நடத்தியோருள் ஒருவர் யோகம் போன்ற மெல்லிய பயிற்சியையும் கற்பித்தார். அவ்வகுப்பில் நோய் பரவவில்லை. இரண்டும் கூடந்தான், காற்றோட்டமும் கூட்டத்தின் அளவும் பயிற்சியின் வேகமுமே வேற்றுமை செய்தன. ஆகவே கூடம் முற்றிலும் தீங்கற்றது என்றலும் பிழை. கூடமே தீங்கு என்றலும் பிழை.

இங்கிலாந்து நாட்டில் இவ்வழக்கு நாடாளுமன்றம்வரை சென்றது. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் லிவர்பூல் நகர்ப்புறத்தில் கூடங்களை மூட ஆணை பிறந்தது. சின்னாட்களில் அண்டையிலுள்ள லங்காஷயர் மாவட்டத்திற்கும் அதே நிலைக் கட்டுப்பாடு வந்தது. அங்கோ கூடங்கள் திறந்திருக்கலாம் என்றனர். ஒரே நோய்க்கு இரண்டு நீதியா என லிவர்பூல் மக்கள் கொதித்தெழுந்தனர். கூடம் நடத்துவோரும் பயில்வோரும் ஒருங்கே குரலெழுப்ப, அவ்வாணை விரைவில் திரும்பப் பெறப்பட்டது. நோய் மிகும்பொழுது கூடங்களை மூடாதிருக்க என்னும் விண்ணப்பத்தில் ஆறு இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட, நவம்பர் 23ஆம் நாள் நாடாளுமன்றத்தில் அது விவாதிக்கப்பெற்றது. டிசம்பர் 2 முதல் வந்த புதிய விதிகளில் மூன்று நிலைகளிலும் கூடங்கள் திறந்திருக்க இடந்தரப்பட்டது. நோய் மீண்டும் பெருகியபொழுது அவை 2021 ஏப்ரல் 12 வரை மூடப்பட்டன என்பதையும் சொல்லவேண்டும். எனினும் பயிற்சிக்கூடம் கேளிக்கை மனையன்று, உடல்நல நிலையம் என்னும் கருத்து அன்று ஒரு நாட்டின் சட்டமன்றத்தில் எழுந்து நின்று பேசிற்று.

அக்கருத்திற்கு அடுத்த ஆண்டே ஒரு துணை வந்தது. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாவில் கொரோனா நோயுற்ற 48,440 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டனர். நோய்க்கு முன் வாரத்திற்கு 150 நிமிடங்கட்குக் குறையாது தொடர்ந்து உடலை இயக்கியவரை நோக்க, இயக்கமே அற்றவர்க்கு இறப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. இயக்கமில்லாமையே தனிக் காரணம் என்று இத்தகைய ஆய்வால் அறுதியிட முடியாது. ஆயினும் கேடயத்தை முன்னரே செய்து வைத்துக்கொள்ளவேண்டும், போர் மூண்டபின் கொல்லனைத் தேடலாகாது என்பதை அது நன்கு உணர்த்துகின்றது.

மற்றொரு வழக்கு வரியைப் பற்றியது. சரக்கு சேவை வரி 2017 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தபொழுது, உடற்பயிற்சிக் கூடத்தின் கட்டணத்தின்மேல் நூற்றுக்கு 18 விதிக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் கொடுத்து உடலைப் பேணுவோன் அரசிற்கு 180 ரூபாய் தண்டம் போலக் கட்டினான். இத்தொழிலினர் பலகாலும் முறையிட்டு வந்தனர். 2025 செப்டம்பர் 22 முதல் அவ்வரி நூற்றுக்கு 5 ஆகக் குறைக்கப்பட்டது. இன்று அவன் கட்டுவது 50 ரூபாய். ஆயின் கூடம் நடத்துவோர் தாம் கருவிக்கும் வாடகைக்கும் செலுத்திய வரியை இதில் கழித்துக்கொள்ளுதல் இயலாது. ஆகவே குறைந்த வரியின் பயன் முழுவதும் பயில்வோன் கைக்கு வருமா என்பது கூடத்தாரின் மனத்தைப் பொறுத்தது.

இங்குத்தான் கூடத்தாரிடமும் சில கேட்க வேண்டியிருக்கின்றது. 'எங்கள் தொழில் பொதுச் சுகாதாரத் தொண்டு' என்று அரசின் வாயிலில் கூறுவோர், தம் வாயிலிலும் அதனை மெய்ப்பிக்க வேண்டுமன்றோ? யாருக்குப் பயிற்சி மிகத் தேவையோ அவர் அங்கு இலர். நீரிழிவுடைய நாற்பது வயதுத் தையற்காரர் இலர். முழங்கால் நோவுடைய ஐம்பது வயது அம்மையார் இலர். எழுபது வயது முதியவர் இலர். இருப்பவர் பெரும்பாலும் முன்னமே நலமுடைய இளைஞரே. சுவரெங்கும் கண்ணாடியும் காதைப் பிளக்கும் பாட்டும் திரண்ட புயங்களின் படமுமாக இருக்கும் இடத்திற்கு ஒரு மூதாட்டி எங்ஙனம் நுழைவார்? பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் போதிய இயக்கமற்றவர் என்றோம். அவர் சோம்பலுடையாரோ? அன்று, வீட்டுப்பணி ஓய்வதில்லை, வெளியே செல்ல நேரமும் இசைவும் இல்லை, சென்றால் பார்வைகள் உறுத்துகின்றன, கற்பிக்கப் பெண் இல்லை. இவற்றைக் களையாத கூடம் பொதுச் சுகாதாரத்தின் பெயரைச் சொல்லுதல் பொருந்தாது.

இன்னுமொன்று. விரைவில் தசை பெருக்கவேண்டி ஊக்கமருந்து ஊசிகளை இளைஞர் சிலர் நாடுகின்றனர். இதயத்தையும் கல்லீரலையும் மகப்பேற்று ஆற்றலையும் கெடுக்கும் அவற்றை விற்குமிடம் கூடமன்று, கொலைக்களம். மாவுப் பொடிகளை எல்லார் தலையிலும் கட்டுவதும் முறையன்று. பருப்பும் பாலும் முட்டையும் மீனும் நிலக்கடலையும் பெரும்பாலோர்க்குப் போதியன.

'பயிற்சி செய்தவரே மாரடைப்பால் இறக்கின்றனரே' என்று அஞ்சுவார் உளர். 2021 அக்டோபரில் கன்னடத் திரைநடிகர் புனித் ராஜ்குமார் 46ஆம் வயதில் மாரடைப்பால் காலமானபின் இவ்வச்சம் பெருகிற்று. அச்சத்தை யாம் எள்ளவில்லை. நாற்பது கடந்தோரும், குடும்பத்தில் இதயநோய் உடையோரும், புகைப்போரும் மருத்துவரைக் கண்டபின் தொடங்குக, மெல்லத் தொடங்குக, மார்பில் இறுக்கமோ மயக்கமோ தோன்றின் அக்கணமே நிறுத்தி மருத்துவமனை செல்க. ஆயின் ஆற்றில் ஒருவர் மூழ்கினார் என்று ஊரார் நீந்தக் கற்பதை விடுவதில்லை. நெடுநாள் அளவோடு பயின்றவர்க்கு இதயநோய் குறைகின்றது என்பதே மோரிஸ் காலமுதல் இன்றுவரை கண்ட உண்மை.

அரசும் வாளாவிருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கி, கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீட்டு வாயிலுக்கே வந்தது. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுக்கப்பட்டது. பாராட்டத்தக்கனவே. ஆயின் மாத்திரையை வீட்டிற்குக் கொண்டுவரலாம். பயிற்சியை ஒருவர் கொண்டுவந்து மற்றொருவர் உடலில் வைத்தல் இயலாது. அதற்கு மனிதர் எழுந்து வரவேண்டும். வருவதற்கு அருகில் இடம் வேண்டும்.

பள்ளியிலே அவ்விடம் உண்டே எனலாம். கால அட்டவணையில் உடற்கல்விக்கு வேளை உண்டு, மெய்தான். தேர்வு அணுகும்பொழுது அவ்வேளை கணக்கிற்கும் அறிவியலுக்கும் இரையாவதைப் பல பள்ளிகளிற் காண்கின்றோம். பெற்றோரும் அதனை விரும்பியே கேட்கின்றனர். பெற்றோர்களே, உங்களை யாம் கேட்டுக்கொள்வது இது: அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்பதோடு, 'என் மகள் இவ்வாரம் எத்துணை நாழிகை ஓடியாடினாள்?' என்றும் கேளுங்கள். கேட்பார் உளராயின் கொடுப்பாரும் உளராவர்.

இனி நம் பின்கட்டிற்கு வருவோம். வாடகைக்கு விடுக என்பார் கூற்றை யாம் இலேசாக எண்ணவில்லை. அவ்வருவாய் மாணவர் உதவித்தொகைக்குச் செல்லும் என்பர். ஏழை மாணவர்க்குக் கற்பிக்கும் எமக்கு அத்தொகையின் அருமை தெரியும். ஆயின் ஒன்று நோக்குங்கள். குடும்பத் தலைவர்க்கு நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் பழுதாகின், வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்பிற்கு அலையும் அவ்வில்லத்தில், உதவித்தொகை பெற்ற மாணவனும் படிப்பை விட்டு வேலை தேடப் போகின்றான். இதனை ஒன்றல்ல, பலமுறை கண்டுள்ளோம். மகனுக்கு நூல் வாங்கிக் கொடுக்கும் சங்கம் தந்தையின் உடலையும் காத்தாலன்றி, கொடுத்த நூல் பரணுக்கே செல்லும். மேலும் முன்கட்டுத் திருமண மண்டபத்தின் வாடகை இருக்கவே இருக்கின்றது. உதவித்தொகை அற்றுப்போகும் என்னும் அச்சம் வேண்டா.

பெருஞ்செலவும் வேண்டா. மின்னால் ஓடும் பொறிகள் நமக்கு எதற்கு? சில இணை டம்பெல்களும், ஒரு நெடுங்கம்பியும் இரும்புத் தட்டுகளும், இரண்டு பலகைகளும், பாய்களும், தொங்கிப் பயிலச் சுவர்க்கம்பியும், நம் முன்னோர் கரலாக்கட்டையும், முதியோர்க்கு ரப்பர்ப் பட்டைகளும் போதும். பெரிய சன்னல்களும் காற்றாடிகளும் வேண்டும். சியோனான் கற்பித்த பாடம் அது. இரத்தக்கொதிப்பு அளக்கும் கருவி ஒன்று வாயிலில் இருக்கட்டும். விடியற்காலையும் இரவும் ஆடவர்க்கு. முற்பகலும் மாலையும் மகளிர்க்கு, மகளிரே கற்பிக்க. வாரத்தில் மூன்று நாள் பிற்பகல் முதியோர்க்கு. தகுதிச் சான்று பெற்ற பயிற்றுநர் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வேண்டும். கட்டணம் கூலித்தொழிலாளி ஒருவர் மனங்கலங்காது கொடுக்கும் அளவினதாகுக; இயலாதார்க்கு அதுவும் வேண்டா.

இறுதியாக, கதவு யாருக்குத் திறப்பது? நம் சங்கம் நம்மவர் நலத்திற்கு எழுந்தது. நம்மவர் பணத்தாற் கட்டியது. ஆகவே நம்மவர்க்கே என்பார் உளர். அவர் சங்கப் பற்றை மதிக்கின்றோம். ஆயின் கொரோனா நம் தெருவில் நுழைந்தபொழுது எந்த வீட்டிலும் குலம் கேட்டு நுழையவில்லை. நீரிழிவும் கேட்பதில்லை. பிறப்பைக் கேட்டுக் கதவடைத்த பயிற்சிச் சங்கங்களின் கதை எங்ஙனம் முடிந்தது என்பதைச் சற்றுமுன் கூறினோம். நம் கூடத்தில் நம் மகனும் துப்புரவுத் தொழிலாளியின் மகனும் ஒரே கம்பியை இரு முனையிலும் பிடித்துத் தூக்கட்டும். அதனால் நம் சங்கத்தின் பெயர் குறையாது, இவ்வூரில் நிலைக்கும்.

பயிற்சிக்கூடம் பொதுச் சுகாதாரத்தின் உறுப்பு என்று பிற நாட்டாரும் நம் நாட்டாரும் அரசிடம் வாதாடினர். அவ்வாதம் வலிவுபெறுவது விண்ணப்பத்தில் இட்ட ஒப்பத்தால் மட்டுமன்று. ஊர்தோறும் ஒரு பின்கட்டு எல்லார்க்கும் திறப்பதனாலுமாகும். அவ்வொன்று நம்முடையதாகுக. மாலைப் பொதுக்குழுவில் தீர்மானத்தின்மேல் கை உயர்த்தும்பொழுது இவற்றை எண்ணிப் பார்த்து, தெருவார் அனைவர்க்குமான கூடம் என்பதற்கே உங்கள் கையை உயர்த்துமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றோம்.

 யாவரும் நோயின்றி நெடிது வாழ்க!